கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால்: முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பல் மருத்துவர்களே, கண் மருத்துவர்களே, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தெருமுனை கிளினிக்குகளிலும் நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கும் பொது மருத்துவர்களே,

வணக்கம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கி வறளச் செய்யும் நோய் ஷோக்ரன். வாதநோய், கண், பல், சிறுநீரகம் எனப் பல பிரிவுகளில் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவருபவர்கள் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். இந்த நோயாளிகள் எங்களிடம் வந்து சேரும்போது கையில் ஒரு பை நிறையச் சீட்டுகள் இருக்கும். கண் மருத்துவர் ‘கண் வறட்சி’ என்று எழுதிச் சொட்டு மருந்து கொடுத்திருப்பார். பல் மருத்துவர் அடுத்தடுத்துச் சொத்தைகளை அடைத்திருப்பார். மூட்டு வலிக்கு ஒரு சீட்டு, அசதிக்கும் தூக்கமின்மைக்கும் இன்னொரு சீட்டு. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் பெரிய குறை இருக்காது. எல்லாச் சீட்டையும் ஒருவர் சேர்த்துப் படித்திருக்க மாட்டார், அவ்வளவுதான். அதற்குள் பற்கள் பாதி போயிருக்கும், கருவிழி புண்ணாகியிருக்கும், சிலருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கும். சேர்த்துப் படிக்கும் அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறோம்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஹென்ரிக் ஷோக்ரன் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933இல் அவர் எழுதிய முனைவர் ஆய்வேடு, கண் வறண்ட 19 பெண்களைப் பற்றியது. அவர்களில் 13 பேருக்கு மூட்டு அழற்சியும் இருந்ததை அவர் குறித்துவைத்தார். கண்ணுக்கு வந்தவரிடம் வாயைப் பற்றியும் மூட்டைப் பற்றியும் ஒரு கண் மருத்துவர் கேட்டதால்தான் இது ஒரே நோய் என்று உலகத்துக்குத் தெரிந்தது.

நடப்பது இதுதான். கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள் கண்ணீர்ச் சுரப்பிக்குள்ளும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளும் புகுந்து, அங்கேயே கூட்டம் கூட்டமாகத் தங்கிவிடுகின்றன. சுரப்பி மெல்ல மெல்ல வேலையை நிறுத்துகிறது. மூக்கு, தொண்டை, தோல், பிறப்புறுப்பு என ஈரம் வேண்டிய இடமெல்லாம் வறள்கிறது. பலருக்கு அத்தோடு நிற்பதில்லை. மூட்டு, நரம்பு, நுரையீரல், சிறுநீரகம், இரத்தம் என்று பரவுகிறது. பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களே மிகுதி. அந்த வயதில் ஒரு பெண் வந்து “வாயெல்லாம் காயுது, கண்ணு எரியுது, உடம்பு அசத்துது” என்றால், மாதவிடாய் நிற்கும் நேரம் என்றோ மனக்கவலை என்றோ சொல்லி அனுப்புவது நம்மிடையே பழகிப்போய்விட்டது. தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள்.

எப்படிக் கேட்பது என்பதிலிருந்து தொடங்குவோம். “வாய் வறட்சி இருக்கிறதா?” என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். பல வருடமாக அப்படியே இருந்து பழகியவர்களுக்கு அது வறட்சியாகத் தெரியாது. சோறு ரசமோ மோரோ ஊற்றிப் பிசைந்தால்தான் இறங்குகிறதா, பொட்டுக்கடலையோ ரஸ்க்கோ தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா, இரவில் தண்ணீர் குடிக்கவே எழுந்திருக்கிறார்களா, முன்பு சாப்பிட்ட காரம் இப்போது நாக்கைச் சுடுகிறதா என்று கேளுங்கள். வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் வருகிறதா, அழுதால் வருகிறதா, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறதா, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறதா என்றும் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தினமும் இப்படி இருந்தால் அடுத்த அடியை எடுத்துவைக்க வேண்டும். கண்ணுக்கு வந்தவரிடம் வாயைப் பற்றியும், பல்லுக்கு வந்தவரிடம் கண்ணைப் பற்றியும், இருவரிடமும் மூட்டையும் அசதியையும் பற்றியும் கேட்க இரண்டு நிமிடம் போதும்.

பல் மருத்துவர்களுக்கு வாயே பாதி சேதியைச் சொல்லிவிடும். வாய்க் கண்ணாடியைக் கன்னத்தின் உட்புறம் வைத்து எடுக்கும்போது ஒட்டிக்கொள்கிறதா பாருங்கள். நாக்கின் அடியில் எச்சில் தேங்கியிருக்கிறதா, நாக்கு வெடித்துச் சிவந்து வழுவழுப்பாக இருக்கிறதா, வாயோரம் புண்ணாகியிருக்கிறதா பாருங்கள். காதுக்கு முன்னால் உள்ள சுரப்பியை வெளியிலிருந்து மெல்ல அழுத்தி, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே இருக்கும் துளையில் தெளிந்த எச்சில் எட்டிப்பார்க்கிறதா என்று கவனியுங்கள். எல்லாவற்றையும்விட, சொத்தை எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். கீழ் முன்பற்கள் எச்சில் ஊறும் இடத்தில் இருப்பதால் பொதுவாகக் கடைசியில்தான் கெடும். அங்கே ஈறோரத்தில் சொத்தை, பல்லின் வெட்டு முனையிலும் கூர்முனையிலும் சொத்தை, அடைத்த இடத்தின் ஓரத்திலேயே மறுபடியும் சொத்தை என்றால், அடைப்பானை எடுக்கும் முன் எச்சிலை அளந்துவிடுங்கள்.

எச்சிலை அளக்கச் சிறு கோப்பையும் துல்லியமான சிறு தராசும் இருந்தால் போதும். காலை நேரம் நல்லது. ஒன்றரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, தண்ணீர், வெற்றிலை, புகை, பல் துலக்கல் எதுவும் கூடாது. நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வாயில் இருப்பதை ஒருமுறை விழுங்கிவிட வேண்டும். அங்கிருந்து 15 நிமிடம், ஊறுகிற எச்சிலை விழுங்காமல் தானாகக் கோப்பையில் வடிய விட வேண்டும். பேசக்கூடாது, மெல்லக்கூடாது, காறித் துப்பவும் கூடாது. கோப்பையின் எடையை முன்னும் பின்னும் போட்டுக் கழியுங்கள். ஒரு கிராமை ஒரு மி.லி. என்று கொள்ளலாம். 15 நிமிடத்தில் 1.5 மி.லி.யோ அதற்குக் குறைவோ, அதாவது நிமிடத்துக்கு 0.1 மி.லி.க்கு மிகாமல் வந்தால் சுரப்பு குறைந்துவிட்டது என்று பொருள். கோடு போட்ட குழாயில் அளந்தால் நுரையையும் சேர்த்துப் படித்துவிட நேரும். எடை போடச் சொல்வது அதற்காகத்தான். பக்கத்து அறையிலிருந்து சாம்பார் தாளிக்கும் வாசனை வந்தால்கூட அளவு கூடிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கண்ணுக்கு ஷிர்மர் தாள். 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் உள்ள வடிதாள் பட்டை அது. வெட்டுக்குறி உள்ள இடத்தில் மடித்து, கீழிமையின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில், கருவிழியில் படாமல் தொங்க விட வேண்டும். மரத்துப்போகும் சொட்டு போடக்கூடாது. கண்ணை மெல்ல மூடி 5 நிமிடம் உட்கார வைத்து எடுத்தால், நனைந்த நீளம் 5 மி.மீ.யோ அதற்குக் குறைவோ இருந்தால் குறைவு. இங்கே வழக்கமாக நேரும் தவறு வரிசையில்தான். சாயம் போட்டுப் பார்த்துவிட்டு, கண் அழுத்தமும் அளந்துவிட்டு, கடைசியில் தாளை வைப்பார்கள். அதற்குள் கண் எரிந்து நீர் ஊறியிருக்கும், அளவு பொய்யாக உயர்ந்துவிடும். முதலில் தாள், பிறகு ஃபுளோரசின் சாயத்தில் கருவிழி, கடைசியில் லிசமின் பச்சையில் வெண்படலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கு நேரே உட்கார வைக்காதீர்கள்.

இரத்தப் பரிசோதனையில், விலை அதிகமானவற்றுக்குப் போகும் முன் சாதாரணச் சோதனைகளைக் கூர்ந்து பாருங்கள். அழற்சியைக் காட்டும் இரண்டு சோதனைகளில் ஈஎஸ்ஆர் மிக அதிகமாக இருந்து சிஆர்பி சாதாரணமாக இருப்பது, அல்புமின் சரியாக இருந்தும் மொத்தப் புரதம் கூடியிருப்பது, வெள்ளையணு குறைந்திருப்பது மூன்றும் இந்த நோயை நினைவூட்ட வேண்டிய அடையாளங்கள். முடக்குவாதக் காரணி என்ற எதிர்ப்புப்புரதம் இவர்களில் பலருக்கு இருக்கும். அதை மட்டும் வைத்து முடக்குவாதம் என்று முத்திரை குத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. முடக்குவாதத்துக்கே உரிய எதிர்ப்புப்புரதத்தைத் தேடும் சிசிபி சோதனையும் வறட்சி பற்றிய கேள்விகளும் இரண்டையும் பிரித்துக்காட்டும். உடலையே தாக்கும் எதிர்ப்புப்புரதங்களைப் பொதுவாகத் தேடும் ஏஎன்ஏ சோதனையில் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். இந்த நோயில் மிகுதியாகக் காணும் ரோ எதிர்ப்புப்புரதம் வழக்கமான ஏஎன்ஏ முறையில் தப்பிவிடக்கூடும், அதைத் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். அதுவும் இல்லை என்றாலும் கதவு மூடவில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ரோ இருக்காது. அவர்களுக்கு உதட்டுத் திசுச் சோதனைதான் வழி.

உதட்டுச் சோதனையைப் பல் மருத்துவர்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செய்துவிடலாம். கீழுதட்டின் உட்புறம், நடுக்கோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, புண்ணோ தழும்போ இல்லாத இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டு ஒரு சிறு கீறல். குறைந்தது நான்கு சிறு சுரப்பிகள் எடுக்க வேண்டும். மெல்லிய நரம்பிழைகள் அங்கே ஓடுவதால் சிலருக்குச் சில வாரம் உதடு மரத்திருக்கலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோய்க்குறியியல் மருத்துவரிடம் சீட்டில் தெளிவாகக் கேளுங்கள்: 50 அல்லது அதற்கு மேற்பட்ட நிணநீரணுக்கள் சேர்ந்த திரள்கள் 4 சதுர மி.மீ.க்கு எத்தனை? ஒன்றோ அதற்கு மேலோ இருந்தால் அது நோயைக் காட்டும். ‘நாள்பட்ட சுரப்பி அழற்சி’ என்று மட்டும் வரும் அறிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எண்ணிக்கை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

2016இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த அளவுகோலில், உதட்டுச் சோதனைக்கு 3 புள்ளி, ரோவுக்கு 3 புள்ளி, கண் சாயச் சோதனைக்கு 1, ஷிர்மருக்கு 1, எச்சில் அளவுக்கு 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன் என்று வகைப்படுத்தலாம். ஆய்வுகளுக்காக வகுத்தது இது. 3 புள்ளி வந்தவரைக் கைவிட்டுவிட அதைக் காரணமாக்கக் கூடாது. கழுத்துக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்கள், ஹெபடைடிஸ் சி, எச்ஐவி, சார்காய்டோசிஸ், ஐஜிஜி4 நோய் ஆகியவை இதே முகத்தோடு வரும். கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும் வாயைக் காயவைக்கும். அவற்றை முதலில் விலக்குங்கள்.

நம் கையால் கொடுக்கும் மருந்துகளையும் இங்கேயே பார்த்துவிடுவோம். வாய் எரிகிறது, தூக்கம் இல்லை என்று சொல்பவருக்கு அமிட்ரிப்டிலின் எழுதுவது வழக்கம். அது உமிழ்நீரை இன்னும் வற்றவைக்கும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் செட்ரிசின், குளோர்பெனிரமின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், முகப்பருவுக்கான ஐசோடிரெட்டினாயின், நீர் போக்கும் மாத்திரைகள் எல்லாம் அதே வேலையைச் செய்யும். வறட்சியோடு வருபவரின் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து, நிறுத்தக்கூடியதை நிறுத்தினாலே சிலருக்குப் பாதி ஆறுதல் கிடைத்துவிடும்.

இனி கண்ணுக்கான சிகிச்சை. செயற்கைக் கண்ணீர் என்று எழுதினால் மட்டும் போதாது. எது, எத்தனை முறை என்பதை எழுத வேண்டும். 0.5 சதவீதக் கார்பாக்சிமெதில் செல்லுலோஸ் அல்லது 0.1 சதவீத சோடியம் ஹயலுரோனேட் கொண்டு தொடங்கலாம். ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விடவேண்டி வந்தால் பதப்படுத்தி (மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத சொட்டுதான் வேண்டும். மலிவான புட்டிகளில் இருக்கும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி, எட்டுப் பத்து முறை விழும்போது ஏற்கெனவே புண்ணான கருவிழியை மேலும் அரிக்கும். “சொட்டு விட விட எரிச்சல் அதிகமாகுது” என்று நோயாளி சொன்னால் புட்டியின் மேலிருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். இரண்டு சொட்டு மருந்துகளுக்கு நடுவே ஐந்து முதல் பத்து நிமிடம் இடைவெளி, கெட்டியான ஜெல்லோ களிம்போ கடைசியில், படுக்கப்போகும்போது.

இது போதாதபோது அழற்சியை அடக்கும் சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டு, நாளுக்கு இரண்டு முறை. பெரும்பாலோர் இதை இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். காரணம், எரிகிறது, பலனும் தெரியவில்லை. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், சிலருக்கு ஆறு மாதம். இதை முதல் நாளே சொல்லுங்கள். பத்து நிமிடம் முன்பு செயற்கைக் கண்ணீர் விட்டுக்கொண்டால் எரிச்சல் குறையும். தொடக்கத்தில் மெல்லிய ஸ்டீராய்டு சொட்டை இரண்டு முதல் நான்கு வாரம் கண் மருத்துவர் சேர்த்துக் கொடுக்கலாம், கண் அழுத்தத்தை அளந்துகொண்டே. சிவந்த கண்ணுக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டுதான் ஆபத்து. மாதக்கணக்கில் விட்டுக்கொண்டு கண்புரையோடும் கண் அழுத்த நோயோடும் வருபவர்கள் இருக்கிறார்கள். கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு செருகிகள் நல்ல பலன் தரும். ஆனால் அழற்சி அடங்கும் முன் அடைத்தால் அழற்சிப் பொருட்கள் எல்லாம் கண்ணிலேயே தேங்கும். மிகக் கடுமையானவர்களுக்கு, அவர்கள் இரத்தத்திலிருந்தே பிரித்த 20 சதவீதச் சீரச் சொட்டு இருக்கிறது. கிருமி புகாமல் தயாரித்து உறைநிலையில் வைக்கும் வசதி உள்ள இடத்தில்தான் அதைச் செய்ய வேண்டும். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். காக்கக் கண்ணீர் இல்லாத கண்ணில் கிருமி எளிதில் குடியேறும்.

கண்புரை அறுவை செய்பவர்களிடம் ஒரு தனி வேண்டுகோள். அறுவைக்கு முன் வறட்சியைச் சோதியுங்கள். அறுவைக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு அல்லாத வலி நிவாரணச் சொட்டுகள், ஷோக்ரன் நோயாளிகளுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கும் கருவிழியைக் கரைத்துத் துளை விழச் செய்யக்கூடும். நல்ல பார்வைக்காக வந்தவர் கண்ணையே இழக்கும் நிலை அது.

வாய்க்கு வருவோம். இங்கேதான் நோயாளியின் அன்றாடம் முழுக்கச் சிக்கியிருக்கிறது. உமிழ்நீர் வெறும் ஈரம் தருவதோடு நிற்பதில்லை. சாப்பிட்டவுடன் வாயில் உண்டாகும் அமிலத்தை அது தணிக்கிறது, பல்லிலிருந்து கரைந்துபோன கால்சியத்தைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. வாயின் பிஎச் 5.5க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் அதற்கும் முன்பே கரையும். நல்ல எச்சில் உள்ளவருக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பழைய நிலை திரும்பிவிடும். இவர்களுக்கு அது வெகுநேரம் நீளும். அதனால் எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை முறை என்பதே முக்கியம். வாய் காய்கிறதே என்று சர்க்கரை போட்ட டீயை நாளெல்லாம் மடக்கு மடக்காகக் குடிப்பவருக்குப் பற்கள் மளமளவென்று போகும். தொண்டைக்குச் சப்பும் இனிப்பு மாத்திரையும் அப்படித்தான். எச்சில் ஊறட்டும் என்று எலுமிச்சையையோ புளிப்பு மிட்டாயையோ வாயில் அடக்கிக்கொள்வது கூடவே கூடாது. அமிலத்தைத் தணிக்க ஆள் இல்லாத வாயில் அமிலத்தை நாமே வைப்பதாகிவிடும். இதே காரணத்துக்காகப் பாக்கு போடத் தொடங்குபவர்களும் உண்டு. பாக்கு வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை, விட்டுவிடச் சொல்லுங்கள்.

சர்க்கரை இல்லாத, சைலிடால் சேர்ந்த சூயிங்கம் மெல்லலாம். சாப்பாட்டுக்குப் பின் ஒரு தம்ளர் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா கரைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிப்பான் வேண்டாம். பல்பொடி, சாம்பல், உப்பு எதுவும் வேண்டாம், வெளியே தெரியும் வேரை அவை தேய்த்துவிடும். மென்மையான தூரிகை, ஃபுளோரைடு பற்பசை, இரவு துலக்கியபின் துப்பிவிட்டு வாய் கொப்பளிக்காமல் அப்படியே படுப்பது. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். ஃபுளோரைடு பல்லில் தங்குவதற்கே அது என்று விளக்கினால் செய்வார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போலத் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளிலிருந்து வருபவர்களுக்கும் வெளிப்பூச்சு வேண்டும்தான். விழுங்கக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ், அதாவது 22,600 பிபிஎம், உங்கள் நாற்காலியில் சில நிமிட வேலை. வேர்ச் சொத்தைக்குக் கண்ணாடி அயனோமர் நல்லது. எச்சிலும் சொத்தையும் கட்டுக்குள் வரும் முன் வரிசையாகப் பற்களுக்குத் தொப்பி (கிரவுன்) போட்டுச் செலவு வைக்காதீர்கள், தொப்பியின் ஓரத்திலேயே மறுபடி அரிக்கும்.

வாய் திடீரென்று அதிகமாக எரியத் தொடங்கினால் பூஞ்சையைத் தேடுங்கள். வெள்ளைப் படலம் இல்லாமல் வெறும் சிவப்பாகவும் வரும், வாயோரம் வெடிக்கும். பல்செட் போட்டவர்கள் இரவில் கழற்றிச் சுத்தம் செய்து வைக்க வேண்டும், செட்டுக்கும் மருந்து வேண்டும். வாயில் வைத்திருக்கும் நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துத் திரவங்களில் சர்க்கரை சேர்ந்திருப்பது உண்டு. பல் உள்ளவருக்குச் சர்க்கரை இல்லாத வடிவத்தைப் பார்த்து எழுதுங்கள்.

சுரப்பியில் இன்னும் உயிர் மிச்சம் இருந்தால் எச்சிலைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை நன்றாக வேலை செய்யும். 5 மி.கி. ஒரு வேளையில் தொடங்கி, தாங்குவதைப் பார்த்து நாளுக்கு மூன்று, நான்கு வேளை வரை போகலாம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட்டுக்கொண்டால் சாப்பிடும்போது எச்சில் ஊறும். வியர்க்கும், முகம் சூடாகும், அடிக்கடி சிறுநீர் வரும். ஒரே நாளில் முழு அளவுக்குப் போனால் வியர்வைக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள். கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, குறுங்கோணக் கண் அழுத்த நோய், கண்ணுக்குள் அழற்சி உள்ளவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. இதய நோயாளிகளுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறு வாரமாவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது உண்டு. மூட்டு வலிக்கும் தோல் தடிப்புக்கும் அதைக் கொடுக்கிறோம். வறட்சிக்கும் அசதிக்கும் அது உதவும் என்பதற்குச் சான்று இல்லை. 2014இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 120 நோயாளிகளிடம் 24 வாரம் பார்த்தும் வெற்று மாத்திரையைவிட மேலான பலன் தெரியவில்லை. கொடுத்தால் உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. தொடக்கத்தில் ஒரு விழித்திரைச் சோதனை, ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும். சிறுநீரகம் கெட்டிருந்தால் முன்பிருந்தே. அசதிக்கு மருந்தைக் கூட்டும் முன் தைராய்டு, இரத்தசோகை, பி12 பாருங்கள். உடலுறவில் வலி இருக்கிறதா என்று பெண்களிடம் தனிமையில், பக்குவமாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், எளிய வழுக்குக் களிம்பே பலருக்கு உதவும்.

உயிருக்கு ஆபத்தான மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது சிறுநீரகம். இரவு நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் கால் தூக்க முடியாமல் வருவார். பக்கவாதம் என்றோ நரம்புத் தளர்ச்சி என்றோ நினைப்பார்கள். பொட்டாசியம் 2க்குப் பக்கத்தில் இருக்கும். தென்னிந்திய மருத்துவமனைகளிலிருந்து இத்தகைய நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. ஷோக்ரன், சிறுநீரக நுண்குழாய்களைத் தாக்கி அமிலத்தை வெளியேற்ற முடியாமல் செய்வதுதான் காரணம். இரத்தத்தில் அமிலம், ஆனால் சிறுநீரின் பிஎச் 5.5க்கு மேல் என்றால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். முதலில் பொட்டாசியத்தை ஏற்ற வேண்டும், இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே. அமிலத்தைச் சரிசெய்யும் அவசரத்தில் பைகார்பனேட்டை முதலில் கொடுத்தால், இருக்கிற பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் ஓடிவிடும். மூச்சுத் தசைகள் நின்றுபோகலாம். குளுக்கோஸ் பாட்டிலில் பொட்டாசியத்தைக் கலந்து ஏற்றினாலும் இன்சுலின் சுரந்து இதேதான் நடக்கும், சாதாரண சலைனில் கலப்பதே முறை. தேறியபின் வாயும் கண்ணும் வறட்சியா என்று கேளாமல் வீட்டுக்கு அனுப்பினால், அதே நோயாளி அதே நிலையில் மறுபடி வருவார். திரும்பத் திரும்பச் சிறுநீரகக் கல், இடுப்பிலும் தொடையிலும் ஆறாத எலும்பு வலி இருந்தாலும் இதை நினையுங்கள்.

இரண்டாவது, காதடி வீக்கம். பொன்னுக்கு வீங்கி ஒருவருக்கு வாழ்நாளில் பொதுவாக ஒருமுறைதான் வரும். மறுபடி மறுபடி வீங்கினால், குழந்தையாகவே இருந்தாலும், ஷோக்ரனைத் தேடுங்கள். வடியாமல் இரண்டு மாதமாக நிற்கும் வீக்கம், ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருப்பது, காலில் தடவினால் தட்டுப்படும் கருஞ்சிவப்புப் புள்ளிகள், எடை குறைதல், இரத்தத்தில் சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதம் குறைந்திருப்பது எல்லாம் நிணநீர்ப் புற்றின் முன்னறிகுறிகள். நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு வாழ்நாளில் அது வருகிறது, பெரும்பாலும் மெல்ல வளரும் வகை, காலத்தில் கண்டால் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். காசநோய் என்று ஊகித்து, திசுச் சோதனை இல்லாமல் ஆறு மாதம் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

மூன்றாவது, கரு. ரோ எதிர்ப்புப்புரதம் நச்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அப்படிப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குக் குழந்தையின் இதயத்தில் மின்னோட்டம் தடைப்படும், பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள். ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்த கர்ப்பத்தில் அந்த ஆபத்து ஏறத்தாழ ஆறில் ஒன்று. அவர்களுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தொடக்கத்திலிருந்தே கொடுத்தால் இந்த ஆபத்து பாதிக்கு மேல் குறைகிறது என்று 2020இல் வந்த ஆய்வு காட்டியது. இந்தத் தாய்மாரில் பலருக்கு அப்போது வறட்சியே இருக்காது. ஆகவே ஸ்கேனில் கருவின் துடிப்பு நிமிடத்துக்கு 50, 60 என்று வந்தால், குழந்தையை மட்டும் பார்க்காமல் தாய்க்கு ரோ பாருங்கள். நோய் தெரிந்த பெண் கர்ப்பமானால் 16 முதல் 26 வாரம் வரை கரு இதய எக்கோ எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஷிர்மர் தாள், பதப்படுத்தி இல்லாத கண் சொட்டு, ஃபுளோரைடு வார்னிஷ், பைலோகார்பின் மாத்திரை ஆகியவற்றை உங்கள் இண்டெண்டில் (மருந்துக் கோரிக்கைப் பட்டியலில்) ஆண்டுத் தேவையோடு எழுதுங்கள். இல்லை என்று பதில் வந்தாலும் அடுத்த ஆண்டும் எழுதுங்கள். மருத்துவப் பணிகள் கழகம் எதைக் கொள்முதல் செய்வது என்று முடிவெடுக்க, கேட்டவர்களின் எண்ணிக்கை தேவை.

மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது ‘வாய் வறட்சி, ஆவன செய்க’ என்று எழுதி அனுப்பாதீர்கள். சீட்டில் இவை இருக்கட்டும்: எத்தனை மாதமாக வறட்சி, ஷிர்மர் வலது இடது எத்தனை மி.மீ., 15 நிமிடத்தில் எச்சில் எத்தனை கிராம், எத்தனை பற்களில் எந்த இடத்தில் சொத்தை, காதடி வீக்கம் உண்டா, ஈஎஸ்ஆர், மொத்தப் புரதம், அல்புமின், பொட்டாசியம், கிரியேட்டினின், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும், கர்ப்பமா அல்லது கர்ப்பத்துக்கு முயல்கிறாரா. வாதநோய்ப் பிரிவு உள்ள அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பெயரையும் புறநோயாளர் நாளையும் நோயாளியிடம் சொல்லி அனுப்புங்கள். பல் சிகிச்சையையும் கண் சொட்டையும் மட்டும் அதுவரை நிறுத்த வேண்டாம் என்று சீட்டின் கடைசியில் எழுதிவிடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஷோக்ரன் நோயாளிகளைப் பார்த்துவரும் உங்கள் சக மருத்துவர்கள்